செக்கிங் மேசையில் ஒரு கடல்

மருதாள் எங்கள் பனியன் கம்பெனியில் சேர்ந்தது 1949ஆம் ஆண்டு தை மாதம் பத்தாம் தேதி. அன்றைய பதிவேட்டில் அவருடைய வயது ‘சுமார் 28’ என்று இருக்கிறது. கம்பெனியில் கணக்கெழுதும் ரைட்டரான எனக்குச் ‘சுமார்’ என்று எழுத மனமில்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். “வீரபாண்டியில பெரிய மழ பேஞ்சு எங்க கெணத்து மேடு இடிஞ்சு உழுந்துதுங்களே, அந்த வருசமுங்க” என்றார். அந்த மழைக்கு நான் எங்கே போய்த் தேதி தேடுவது? சுமார் என்றே விட்டுவிட்டேன்.

சேர்ந்த நாள் முதல் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை உட்புறம் வெளியே வரத் திருப்பி, கழுத்து, கைக்குழி, அடிமடிப்பு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஓட்டை, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, துருக்கறை இந்த நான்கும்தான் குற்றம். கண்ட இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு ஒதுக்கிவிட வேண்டும். ஆறு பெண்கள் உட்காரும் நீள மேசையில் வடக்கு ஜன்னலை ஒட்டிய இடம் மருதாளுடையது. வெளிச்சம் அங்கேதான் சரியாக விழும். பதினான்கு வருடம் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

1962 தீபாவளிக்கு முன்னால் அவருக்குப் பார்வை மாறத் தொடங்கியது. தூரத்தில் வரும் பஸ்ஸின் முகப்பு தெரிந்தது. மடியில் கிடக்கும் பனியன் புகைபோல இருந்தது. நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்துதான். படித்தவனுக்கு வந்தால் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிப்பான், பக்கத்தில் இருப்பவன் கண்டுபிடித்துவிடுவான். மருதாள் ஒருநாளும் செய்தித்தாளைப் பிடித்தவர் அல்லர். அதனால் யாருக்கும் தெரியவில்லை. தெரியவும் கூடாது என்று அவர் இருந்தார். அதற்குக் காரணம் உண்டு. முந்தின வருடம் டிசம்பரில் கருப்பாத்தாள் என்ற செக்கர், “கண்ணு மங்குதுங்க” என்று வெள்ளந்தியாகச் சொன்னார். மறுநாளே வெட்டுத்துணி பிரிக்கும் குடோனுக்கு அனுப்பப்பட்டார். ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகை அது. நாள் முழுக்கப் பஞ்சுத்தூசி. “அந்தக் குடோனுக்குப் போறதுக்கு நான் ஊட்டோட மொடங்கிக்குவனுங்க” என்று மருதாள் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

எனவே தந்திரம் செய்தார். ஓட்டையையும் தையல் விட்ட இடத்தையும் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். எண்ணெய்க் கறையை மோந்து பார்த்தார். தையல் மிஷின் எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு. மூக்கு கூர்மையாக இருக்க வேண்டும் என்று இருபது வருடப் பழக்கமான வெற்றிலையையும் விட்டார். பனியனை மடிக்கும் சாக்கில் முகத்தருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்து வைப்பார். பார்ப்பவர்களுக்கு அவர் பனியனைக் கொஞ்சுவதுபோல இருக்கும்.

ஆனால் துருக்கறைக்கு வாடையும் இல்லை, தடிப்பும் இல்லை.

கடைகளிலிருந்து திரும்பி வரும் பனியன்களை, எந்தச் செக்கர் பார்த்தது, என்ன குற்றம் என்று பிரித்து எழுதும் பதிவேடு என்னிடம் இருந்தது. மருதாள் பார்த்தவற்றில் 1961 முழுவதிலும் திரும்பியது பதினொன்று. 1962 தீபாவளியிலிருந்து 1963 ஏப்ரல் கடைசிவரை திரும்பியது அறுபத்து நான்கு. அறுபத்து நான்கும் துருக்கறை. ஓட்டை ஒன்றுகூட இல்லை, எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லை. கவனம் குறைந்தவருக்கு எல்லாக் குற்றமும் கலந்து தப்பும். துரு மட்டும் தப்புவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததை முதலாளியிடம் கொண்டுபோவதில்லை என்று வைத்திருந்தேன்.

இந்த நிலைமையில்தான் கடல் வந்து சேர்ந்தது.

எங்கள் முதலாளி ஆறுமுகசாமி, மே மாதம் பதினோராம் தேதி சனிக்கிழமை குன்னூரில் ஒரு ஏலத்துக்குப் போனார். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவரின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், கடிகாரம் வாங்காமல் ஒரு படம் வாங்கிவிட்டார். கித்தான் துணியில் எண்ணெய்ச் சாயத்தால் தீட்டியது, தங்க முலாம் சட்டம் போட்டது. நானே அளந்தேன்: அகலம் முப்பத்தெட்டு அங்குலம், உயரம் இருபத்தைந்து.

“குன்னூருல நல்ல தூத்தல், குளுரு” என்று முதலாளி எங்களிடம் சொன்னார். “கடேசி வரிசையில வெடவெடன்னு ஒக்காந்திருந்தேன். இந்தப் படத்தத் தூக்கிக் காட்டினான் பாருங்க, முதுகுல வெய்யில் அடிச்சாப்புல ஆயிருச்சு. கோடையில ஒரு கடக்கர. சனமே இல்ல. அவ்வளவு அமைதி. கடியாரமாவது ஒண்ணாவதுன்னு கைய ஒசத்திட்டேன்.”

படம் லாரியில், தார்ப்பாய்க்குள் சாக்கு சுற்றி, பதினாறாம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. வெளிச்சத்துக்காகச் செக்கிங் மேசையின் மேலேயே வைத்துப் பிரித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்திருந்ததால் மொத்தக் கம்பெனியும் மேசையைச் சுற்றி நின்றது. அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்த வியாபாரி ராஜா முகமதுவும் எட்டிப் பார்த்தார்.

சாக்கு விலகியது. நீலத்தில் ஒரு அப்பு, மஞ்சளில் ஒரு அப்பு, ரோஸில் ஒரு இழுப்பு, வெள்ளையில் நான்கு திட்டு. கரையும் இல்லை, கடலும் இல்லை.

“மொதலாளி,” என்றார் ராஜா முகமது மெதுவாக, “இத நீங்க ஏலத்துல எடுத்தீங்களா, இல்ல, உங்க தலையில கட்டி அனுப்பிச்சாங்களா?”

முதலாளியின் முகம் வெளுத்தது. அவர் மூக்குப் படத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் இருந்தது. “நான் பாத்தது கடலுங்க பாய். நல்லாப் பாத்தேன்.” பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. சாயப்பட்டறை ஊர்க்காரர் யாருக்கும் அதுதான் தோன்றும். “பர்லியாறு எறக்கத்துல மழைன்னு டிரைவர் சொன்னானே. நனைஞ்சுருச்சு. சாயம் ஒண்ணுல ஒண்ணு எறங்கிப்போச்சு.”

அவ்வளவுதான், ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். உப்புத் தண்ணீரில் அலசினால் மீதிச் சாயமாவது நிற்கும் என்றார் பிளீச்சிங் ஆள். வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள் என்றது ஒரு குரல். மருதாளுக்கு அடுத்த இடத்தில் உட்காரும் முத்தாத்தாள், முப்பது வயது, ஊசிபோலக் கூரான கண், பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்து கறைகளை எண்ணத் தொடங்கினார். பழக்கதோஷத்தில் முதல் கறையைச் சுற்றி நீல வட்டமும் போட்டுவிட்டார். அந்த வட்டம் இன்றும் படத்தில் இருக்கிறது.

“கீழ்ப்பாதியில மட்டும் முந்நூத்திப் பன்னண்டுங்க,” என்றார். “ஒரு பீஸுக்கு இது கொஞ்சம் ஜாஸ்திங்க.”

“ஓரத்துல ஒரு எடத்துல தொடச்சுப் பாரு,” என்றார் முதலாளி. “அடியில நல்ல படம் இருக்குதான்னு தெரியும்.”

எண்ணெய்க் கறை எடுக்க மேசையில் எப்போதும் ஒரு சீசா பெட்ரோலும் பஞ்சும் இருக்கும். முத்தாத்தாள் பஞ்சை நனைத்தார். இடது மூலையில் இருந்த ஒரு வெள்ளைத் திட்டின் அருகே பஞ்சு போனது.

“ஏ புள்ள, அந்தம்மா கொடையப் போயி ஏன் தேய்க்கற?” என்றார் மருதாள்.

முத்தாத்தாள் கை நின்றது. “எந்தம்மாங்கக்கா?”

“மணல்ல ஒக்காந்திருக்குதே, வெள்ளைக் கொடை புடிச்சுட்டு. பக்கத்துல ரெண்டு கொழந்தைக. அக்கட்டால ஒரு படகு, பாயி சுருட்டி வெச்சிருக்குது. திருச்செந்தூருல பையனுக்கு முடியெறக்கப் போனப்ப இப்புடித்தான் இருந்துச்சு, வெய்ய நேரத்துல. கோயிலத்தான் காணோம். இத்தன தண்ணி இருக்குது, ஒருத்தருங் குளிக்காம ஒக்காந்திருக்குதுக.”

அவர் ஜன்னலோர இடத்தில், படத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு மருதாளைப் பார்த்தார்கள். வெயில் தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் முதலாளி, “கொடை! ஆமா, கொடை இருந்துச்சு” என்று கத்திக்கொண்டு, அடையாளம் பார்க்க இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். அப்புறம் இன்னும் நான்கு எட்டு. நூல் மூட்டையில் இடித்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வந்துருச்சு,” என்றார். “கடல் வந்துருச்சு.”

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை ஒழுங்காக எழுத என்னால் முடியாது. நாற்பத்து மூன்று பேர் முன்னாலும் பின்னாலும் ஓடினார்கள். பின்னால் போனால் கடல் வருகிறது, முன்னால் வந்தால் சேறாகிறது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல் பின்னோக்கி நடந்து, மூட்டைகளில் விழுந்து, எழுந்து மறுபடி ஓடினார்கள். கட்டிங் மாஸ்டர் சிரித்துச் சிரித்துக் கத்தரியைக் கீழே போட்டார். “போச்சு, போச்சு, வந்துச்சு, வந்துச்சு” என்று பிளீச்சிங் ஆள் தனியாக ஒரு கோடு பிடித்து ஆடிக்கொண்டிருந்தார். தண்ணீர் மின்னுகிறது என்றார்கள். அந்தம்மாளின் பாவாடை காற்றில் அசைகிறது என்று சத்தியம் செய்தார்கள். நானும் போய் வந்தேன். கடல் சரியாகத் தெரியத் தொடங்குவது பதினோரு அடியில். மிக நன்றாகத் தெரிவது பதினெட்டு அடியில். டேப் வைத்து அளந்தது அன்று சாயங்காலம்.

ராஜா முகமது மட்டும் நின்ற இடத்தில் நின்றார். சிரித்ததில் கண்ணில் நீர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே படத்தைப் பார்த்தவர், “அட,” என்றார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், போட்டார், கழற்றினார்.

“இங்க பாருங்க மொதலாளி. ஓடவே வேண்டாம். கண்ணாடியப் போட்டாச் சேறு, கழட்டினாக் கடலு.” அவருக்கு ஒரே குதூகலம். “இந்தம்மாளுக்கும் என்னாட்டவே வெள்ளெழுத்து. அதான் கிட்டக்க நின்னே பாத்துருச்சு.”

சிரிப்பு மெல்ல அடங்கியது. மேசைப் பெண்கள் ஐந்து பேரும் மருதாளைப் பார்த்தார்கள். தான் சொன்னது என்ன என்று பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்பறம் எப்புடிங்கக்கா இத்தன நாளாப் பீஸ் பாக்கறீங்க?” என்றார் முத்தாத்தாள். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

முதலாளி நூல் மூட்டையிலிருந்து எழுந்து வந்தார். “ரைட்டரே, ரிட்டன் பதிவேட்டக் கொண்டா.”

நான் வாசித்தேன். அறுபத்து நான்கு. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அறுபத்து நான்கும் துரு, வேறு குற்றம் ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்து வாசித்தேன். அதுவும் எழுத்தில் இருந்தது.

“மருதா,” என்றார் முதலாளி. கோபமாகப் பேசியிருந்தால் கேட்க எளிதாக இருந்திருக்கும். “கருப்பாத்தாளக் கண்ணு தெரியலன்னு குடோனுக்கு அனுப்பினேன். உன்ன மட்டும் ஜன்னலோரம் வெச்சுட்டு இருந்தா அந்தப் புள்ள மொகத்துல நான் எப்புடி முழிக்கறது? நீயே சொல்லு.”

மருதாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையைச் செருகினார்.

“கண்ணக் கட்டி உடுங்க,” என்றார். “கண்ணக் கட்டிட்டு நான் பாக்கறேன். தொறந்த கண்ணோட முத்தா பாக்கட்டும். ஆரு எத்தனை புடிக்கறாங்கன்னு ரைட்டரு எழுதட்டும். தோத்தா நானாவே குடோனுக்குப் போறனுங்க.”

முதலாளி சிரிக்க வேண்டாம் என்றுதான் பார்த்தார். முடியவில்லை.

ரிட்டன் மூட்டையிலிருந்தும் குற்றமில்லாத குவியலிலிருந்துமாக நான் இருபத்து நான்கு பனியன்களைப் பொறுக்கிக் கலந்தேன். பழைய வட்டங்களை ஈரத்துணியால் துடைத்தேன். மொத்தம் பத்தொன்பது குற்றம். ஒவ்வொன்றும் எங்கே என்று என் தாளில் இருந்தது. முத்தாத்தாள் முதலில் பார்த்தார். இருபத்திரண்டு நிமிடத்தில் பதினைந்து பிடித்தார். எல்லோரும் ‘ஓ’ என்றார்கள். டீயும் வடையும் பந்தயம் கட்டினார்கள். பெரும்பாலும் முத்தாத்தாள் பக்கம்.

மருதாளின் கண்ணைப் பனியன் துணியால் கட்டப் போனபோது முத்தாத்தாள் தடுத்தார். “அது வழியாத் தெரியுமுங்க. நாலு மடிப்பாப் போடுங்க.” நான்கு மடிப்பாகக் கட்டினார்கள். அது போதாதென்று கட்டிங் மாஸ்டர் தன் துண்டையும் மேலே சுற்றினார். மருதாளின் மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிந்தன.

“மூக்கயுங் கட்டுங்க,” என்றார் ஒருவர்.

“ஏன், உன்ற மூக்கு சும்மாதான இருக்குது, நீ வந்து மோந்து பாரேன்,” என்றார் மருதாள் துண்டுக்குள்ளிருந்து.

முதல் பனியன். விரல்கள் கழுத்தைச் சுற்றி வந்தன, கைக்குழியில் நின்றன. “தையல் உட்டிருக்குது.” சரி. இரண்டாவதில் முகத்தருகே ஒரு மூச்சு. “எண்ண. நாலாம் நம்பர் மிசினு. அவன் மட்டுந்தான் இத்தன ஊத்தறான்.” நாலாம் நம்பர் டெய்லர் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினார். ஐந்தாவது, எட்டாவது, பதினொன்று. முத்தாத்தாள் விட்ட கைக்குழித் தையல் இரண்டையும் மருதாள் பிடித்தபோது, பந்தயம் கட்டியவர்களில் சிலர் கட்சி மாற ஆரம்பித்தார்கள். நான் அதை அனுமதிக்கவில்லை. முத்தாத்தாளின் கண்ணுக்கே தெரியாத, நிறமில்லாத எண்ணெய்த் துளி இரண்டு இருந்தன. ஒன்றை மருதாள் மோந்தவுடனேயே, “இது இன்னுங் காயல” என்று மூக்கைச் சுளித்தார். அது காய்ந்து இரண்டு மாதம் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தவன், பேசாமல் குறித்துக்கொண்டேன்.

முப்பத்தொரு நிமிடம். பதினாறு குற்றம். தவறியது மூன்று, மூன்றும் துரு.

கட்டை அவிழ்ப்பதற்குள் முத்தாத்தாளே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “அக்கா, நீங்க மனுசியா, பூனையா?” முதலாளி படத்தின் முன்னால் போய் நின்றார், பின்னால் வந்தார், மறுபடி முன்னால் போனார். அவருக்கு எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வதென்று தெரியவில்லை. “துருவ எப்புடி உட்டர்றது?” என்று படத்திடம் கேட்டார்.

ராஜா முகமது தன் கண்ணாடியை மருதாளின் மூக்கில் மாட்டினார்.

மருதாள் கையிலிருந்த பனியனைப் பார்த்தார். “ஐயோ” என்று மேசையைப் பிடித்தார். அவர் விழப்போகிறார் என்று நான் நாற்காலியைத் தள்ளினேன். அவர் உட்காரவில்லை. பனியனின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்ததாம். துரு மூன்றையும் நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் வட்டம் போட்டார். என் தாளில் இல்லாத நான்காவது ஒன்றையும் காட்டினார். அது நான் விட்டது. என் பதிவேட்டில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு திருத்தம் இல்லை.

“பாய், இத எங்க வாங்கினீங்க?” என்றார் முதலாளி.

“கோயமுத்தூருங்க. எட்டு நாள்ல பண்ணிக் குடுப்பான். ஆனா அதுவரைக்கும் நான் என்ன பண்றது? அந்தம்மா கழட்டற மாதிரித் தெரியலயே.”

மருதாள் கழற்றவில்லை. எட்டு நாளும் அந்தக் கண்ணாடி வீரபாண்டிக்கும் கம்பெனிக்கும் போய் வந்தது. பாய் தினமும் நாலு மணிக்கு வந்து, தன் சிட்டைகளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார். கோயமுத்தூருக்கு ஒன்றல்ல, இரண்டு கண்ணாடிக்கு ஆள் போனது. இரண்டாவது கருப்பாத்தாளுக்கு. குடோனிலிருந்து அவரைக் கூட்டிவர முதலாளியே போனார். தும்மிக்கொண்டே திரும்பி வந்தார்.

மே இருபத்தேழு, திங்கட்கிழமை. மருதாள் பாயுடையதைவிடப் பவர் கூடிய தம் சொந்தக் கண்ணாடியோடு வந்தார். தரை மேலே எழும்பி வருவதுபோல இருந்ததாம்; நிலைப்படியை ஆற்றைத் தாண்டுவதுபோலச் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டினார். புதுக் கண்ணாடி போட்ட கருப்பாத்தாளும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அதேபோலத் தாண்டினார். இருவரும் சிரித்துக்கொண்டும் தள்ளாடிக்கொண்டும் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

“ஏம்புள்ள முத்தா,” என்றார் மருதாள், உட்கார்ந்ததும். “உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்குதா?”

“பொறந்ததுலருந்து இருக்குதுங்கக்கா.”

“தொடச்சுக்கோன்னு சொல்ல வந்தேன்.”

பிறகு வேலையில் குனிந்தார். அன்று சாயங்காலம் ஐந்து மணி லாரிக்குப் பதினாறு டஜன் மதுரைக்குப் போக வேண்டும். அதாவது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பனியன். மூன்று மணிக்குள் மருதாள் வட்டம் போட்டு ஒதுக்கியது எழுபத்தொன்று. வட்டங்கள் பட்டாணிக் கடலை அளவு. சிலவற்றில் வட்டத்துக்குள் குற்றத்தைத் தேட வேண்டியிருந்தது. முதலாளி வந்து குவியலைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றம் இருந்தது, மறுக்க முடியவில்லை. ஜன்னலருகே குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“மருதா, லாரி போற வரைக்கும் அதக் கழட்டி வெச்சுட்டுப் பாரேன் சித்த.”

மருதாள் நிமிரவில்லை. “கழட்டினா மோந்து பாப்பனுங்க,” என்றார். “அப்ப இன்னும் நெறையா வருமுங்க.”

முதலாளி கையிலிருந்த பனியனைக் குவியலிலேயே போட்டார். பிறகு வாசலுக்குப் போய், லாரியை நாளைக்கு வரச் சொன்னார். அன்று ஒதுக்கியது மொத்தம் எழுபத்தெட்டு.